நடிகர் வீட்டுச் சேதியும் நம் வீட்டு வாசலும்



ஒரு நடிகரும் அவர் மனைவியும் பிரிந்துவிட்டார்கள் என்று சென்னையில் காலையில் ஒரு சேதி வெளியாகிறது என வைத்துக்கொள்வோம். மாலைக்குள் அது குளுவாங்கில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் பேச்சாகிவிடுகிறது. கூலாயில் பலசரக்குக் கடைக்கு அரிசி வாங்க வந்தவர் அதைச் சொல்கிறார். சிகாமட் பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்கள் அதற்குக் கண், காது, மூக்கு வைக்கிறார்கள். குற்றம் யார் மீது, எத்தனை நாளாக இது நடக்கிறது, பிள்ளைகள் இனி யாரிடம் இருப்பார்கள் என்பது வரை நாம் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். அந்த இருவரையும் நாம் நேரில் கண்டதில்லை. அவர்கள் வீட்டு வாசல் கிழக்கே பார்த்திருக்கிறதா மேற்கே பார்த்திருக்கிறதா என்பதுகூட நமக்குத் தெரியாது.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். நாள் முழுவதும் குலை வெட்டிக் களைத்தவர்களும், விடியுமுன் எழுந்து மரம் சீவப் போனவர்களும் மாலையில் உட்கார்ந்து நாலு பேர் கதை பேசுவது ஒரு சுகந்தான். மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு சேதி நம் காதுக்கு வந்து சேருமுன் யாரோ அதை விற்றிருக்கிறார், நாம் வாங்கியிருக்கிறோம். நாம் கொடுத்தது சில்லறைதான். மீதி விலையைக் கொடுத்தவர் யார்? இதைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டில் 1944ஆம் ஆண்டு நடந்த ஒரு வழக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எம். கே. தியாகராஜ பாகவதர் என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கலாம். 1934இல் ‘பவளக்கொடி’ படத்தில் தோன்றி, ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ என்று வரிசையாகப் பாடி நடித்து, தமிழ்த் திரையின் முதல் பெரு நட்சத்திரமாக விளங்கியவர் அவர். அவரைப் போல முடி வளர்த்துக்கொண்டு திரிந்த இளைஞர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அதற்குப் பாகவதர் கிராப்பு என்றே பெயர் விழுந்தது. அவர் குரல் பதிந்த கிராமபோன் தட்டுகள் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன. அதே காலத்தில் நகைச்சுவைக்கு என்று ஒருவர் இருந்தார். அவர்தாம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். மனைவி டி. ஏ. மதுரத்துடன் சேர்ந்து அவர் நடித்தால் கொட்டகை அதிரும். இந்த இருவரையும் சிறைக்கு அனுப்பிய கதை ஒரு சிறு பத்திரிகையிலிருந்து தொடங்குகிறது.

அந்தப் பத்திரிகையின் பெயர் ‘சினிமா தூது’. சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் 1943இல் சென்னையில் அதைத் தொடங்கினார். அவர் முன்பே மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்று வந்தவர். படத்தின் கதை என்ன, பாட்டு எப்படி என்று எழுதுவது அவர் நோக்கமல்ல. எந்த நடிகர் யாருடன் தங்கினார், எந்த நடிகையின் வீட்டுக்கு இரவில் யார் வந்தார் என்பதுதான் அதில் சரக்கு. இதழ் மளமளவென்று விற்றது. விற்பனை ஒரு பக்கம் இருக்க, எழுதாமல் இருப்பதற்கும் அவருக்குப் பணம் வந்தது என்று அந்தக் கால வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதாவது, ‘உன்னைப் பற்றி அடுத்த வாரம் வரும்’ என்று தெரிந்தால் போதும். சம்பந்தப்பட்டவர் பையைத் திறந்துவிடுவார். இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மிரட்டலுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? அவருடைய பேனாவிலிருந்தா? அடுத்த வாரம் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்க ஆயிரக்கணக்கான பேர் காத்திருந்தார்களே, அந்தக் காத்திருப்பிலிருந்துதான் வந்தது. யாரும் படிக்காத ஏட்டுக்கு யார் பயப்படுவார்?

இந்த எழுத்து முறைக்குப் பின்னாளில் கிசுகிசு என்று பெயர் வந்தது. அதில் ஒரு தந்திரம் உண்டு. பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘அந்த மூன்றெழுத்து நடிகை’ என்பார்கள். ‘அண்மையில் பெரிய வீடு கட்டிய நாயகன்’ என்பார்கள். பெயர் இல்லாததால் வழக்குப் போடுவது கடினம். வழக்குப் போட்டால், ‘அந்த மூன்றெழுத்து நான்தான்’ என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைவிடப் பெரிய சூழ்ச்சி என்னவென்றால், கோடிட்ட இடத்தை நிரப்பும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். விடுகதைக்கு விடை கண்டுபிடித்த மகிழ்ச்சி நமக்கு. பெயரைக் கெடுத்தவர் யார் என்று பார்த்தால் எழுதியவர் பாதி, வாசித்தவர் பாதி.

பொறுக்க முடியாமல் போன திரைத்துறையினர் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பாகவதர், கிருஷ்ணன், கோயம்புத்தூர் பட்சிராஜா படப்பிடிப்பு நிலையத்தின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் அதில் முன்நின்றார்கள். உரிமம் ரத்தாகி, ‘சினிமா தூது’ நின்றது. லட்சுமிகாந்தன் ஓயவில்லை. ‘இந்து நேசன்’ என்ற வேறொரு பத்திரிகையைக் கையில் எடுத்தார். நடிகர்களோடு, ஊரில் செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்களின் வீட்டு விவகாரங்களும் அதில் ஏறின. பகை பெருகியது. 1944 நவம்பர் 8ஆம் நாள், சென்னை வேப்பேரிப் பகுதியில் கைரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த அவரைச் சிலர் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அரசாங்கப் பொது மருத்துவமனையில் அவர் இறந்தார்.

அந்த மனுவில் முன்நின்ற மூவரும் அடுத்த சில வாரங்களில் வேறு சிலருடன் கைதானார்கள். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜூரிகளை வைத்து விசாரணை நடந்தது. 1945 மே மாதம் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஜூரிகள் என்பவர்கள் யார்? ஊரிலிருந்து பொறுக்கி எடுத்து உட்கார வைக்கப்பட்ட குடிமக்கள். மாதக்கணக்கில் தெருவெல்லாம் இதே பேச்சாக இருக்கும்போது, அவர்கள் காதுகளுக்கு மட்டும் தாழ்ப்பாள் இருந்திருக்குமா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இதற்கிடையே ஒரு விந்தை நடந்தது. பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு, அக்டோபர் 16ஆம் நாள் வெளியாகியிருந்தது. கொலை நடந்தது அதற்கு மூன்றே வாரம் கழித்து. கதாநாயகன் சிறைக்குப் போன பிறகும் படம் நிற்கவில்லை. சென்னை பிராட்வே கொட்டகையில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் அவர் பாடுவதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட கூட்டமும், வெளியே வந்து ‘இவன்தான் செய்திருப்பான்’, ‘இல்லை, செய்திருக்க மாட்டான்’ என்று பந்தயம் கட்டிய கூட்டமும் ஒன்றாகத்தானே இருந்திருக்க வேண்டும்? அவருடைய பாட்டும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவருடைய வீழ்ச்சியும் வேண்டியிருந்தது.

ஜொகூரில் அப்போது நம்மவர் நிலை வேறு. 1942 ஜனவரி 31ஆம் நாளோடு ஜொகூர் முழுதும் ஜப்பானியர் வசமாகியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த நாள்கள் அவை. 1945 செப்டம்பரில் ஜப்பானியர் போன பிறகு, பழையபடி தபாலும் பத்திரிகையும் எட்டத் தொடங்கியபோது, பாகவதர் கைதியாக இருந்தார். தொடக்கமும் தெரியாமல் முடிவும் தெரியாமல், கதையின் நடுத்துண்டு மட்டும் நம் முன்னோர் கையில் வந்து விழுந்தது. தூரத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் இப்படித்தான் வந்து சேர்கிறது. மிச்சத்தை நாமே கட்டிக்கொள்கிறோம்.

மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கே, உயர்நீதிமன்றமே இதை மீண்டும் ஆராய வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. உண்மையில் கத்தியைத் தூக்கியவர் யார், தூண்டியவர் யார் என்பது இன்று வரை துலங்கவில்லை.

விடுதலை கிடைத்தது, போனது கிடைக்கவில்லை. பாகவதர் 1948இல் ‘ராஜமுக்தி’யில் நடித்தார். பிறகும் சில படங்கள் வந்தன. பழைய கூட்டம் வரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள், ஐம்பது வயது நிறையுமுன் காலமானார். கலைவாணருக்கு இன்னும் கொஞ்சம் காலம் கைகொடுத்தது. ‘மணமகள்’, ‘பணம்’ ஆகிய படங்களை இயக்கினார், நடித்தார், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். 1957இல் அவரும் மறைந்தார். பாகவதரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், முதலில் வருவது ‘ஹரிதாஸ்’; அடுத்த வாக்கியத்திலேயே அந்தக் கொலை வழக்கு வந்துவிடுகிறது. ‘உண்மையில் அவர்தான் செய்தாரோ?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உயர்நீதிமன்றம் எழுதிய தீர்ப்புக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஊர்வாய் எழுதிய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது போலும்.

லட்சுமிகாந்தனுக்காகவும் நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் செய்த தொழில் கேவலமானது. அதற்காக ஒரு மனிதரைத் தெருவில் குத்திப் போடலாம் என்றாகாது. அவரும் அந்தச் சந்தைக்குப் பலியானவர்தாம். சரக்கு வேண்டும் வேண்டும் என்று கேட்டவர்கள் யாரும் அவரோடு மருத்துவமனைக்குப் போகவில்லை.

‘ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?’ என்று நம்மவர் சொல்வதுண்டு. இந்தப் பழமொழியை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள நமக்கு மனமில்லை. ஏனென்றால் நம் தோட்டப்புறத்திலேயே அந்த உலைமூடி இருந்தது. பழைய லயங்களை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் பத்து வீடு, பன்னிரண்டு வீடு. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பலகைத் தடுப்பு. பல இடங்களில் அந்தத் தடுப்பு கூரை வரைகூட எட்டாது. ஒரு வீட்டில் தீக்குச்சி கிழித்தால் அடுத்த வீட்டில் கேட்கும். இருமினால் கேட்கும். புருஷன் மனைவி பேச்சு கேட்கும், அழுகை கேட்கும், கடன்காரனிடம் கெஞ்சுவது கேட்கும். விடிந்ததும் அத்தனை பேரும் ஒரே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். எப்படி முகம் கொடுத்து வாழ்ந்தார்கள்?

கேட்டதைக் கேளாததுபோல் இருக்கத் தெரிந்திருந்தது. இரவில் பக்கத்து வீட்டில் என்ன நடந்திருந்தாலும், காலையில் அந்த வீட்டுப் பெண்ணைக் கண்டால், ‘என்ன தங்கச்சி, கஞ்சி வச்சாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். கண் சிவந்திருப்பது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். மறைப்பு என்பது பலகையில் இல்லை. பக்கத்து வீட்டாரின் பண்பில் இருந்தது. எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு வீட்டுச் சேதியை மறுவீட்டுக்கு எடுத்துப் போவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் எந்த லயத்திலும் ஒருவர் இருப்பார். அவர் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவ்வளவுதான் அவருக்குத் தண்டனை.

அதே பண்பு சில நேரம் பாவமாகவும் ஆனது என்பதை ஒளிக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவன் வீட்டுச் சத்தத்தையும், ‘அது அவர்கள் குடும்ப விஷயம்’ என்று கேளாததுபோல் விட்டார்கள். அடி வாங்கியவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தும் தனியாகக் கிடந்தாள். அது குடும்ப விஷயமல்ல. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அதைக் குற்ற விஷயமாகப் பார்க்கிறது. அங்கே காதை மூடிக்கொள்வது மரியாதை ஆகாது.

ஆகவே எதைப் பேசலாம், எதை விடலாம் என்று ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. இந்தக் கோட்டை இந்திய உச்சநீதிமன்றம் 1994 அக்டோபரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில் போட்டுக் காட்டியது. ஆட்டோ சங்கர் என்பவன் பல கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தான். அவன் தன் வரலாற்றை எழுதினான். அதில் சில அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்பும் இருந்ததாகச் சொல்லப்பட்டது. ‘நக்கீரன்’ வார இதழ் அதை வெளியிட முனைந்தபோது சிறைத்துறை மேலதிகாரி தடுக்கப் பார்த்தார். ஆசிரியர் கோபால் நீதிமன்றம் போனார்.

தீர்ப்பு இரு பக்கமும் வெட்டியது. தன்னை அவன்பாட்டுக்கு விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அவன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றைப் பற்றி அவன் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, அது உண்மையாக இருந்தாலும் சரி, புகழ்ச்சியாக இருந்தாலும் சரி என்றது நீதிமன்றம். அதே மூச்சில், பொது ஆவணங்களில் ஏறிவிட்ட சேதியை எழுதலாம் என்றும், அரசு அதிகாரி தன் கடமையில் செய்தவற்றுக்கு இந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்றும் சொன்னது. வெளியாகுமுன்பே தடுக்கும் அதிகாரம் சிறைத்துறைக்கு இல்லை என்றும் தீர்த்தது. இன்னொன்றையும் சேர்த்தது: மானபங்கப்படுத்தப்பட்ட பெண்ணின் பெயர், வழக்கு ஆவணத்தில் இருந்தாலும், ஊருக்குச் சொல்லப்படக் கூடாது.

‘உண்மையாக இருந்தாலும் சரி’ என்ற சொற்களில் நாம் சற்று நிற்க வேண்டும். ‘நான் பொய் சொல்லவில்லையே, நடந்ததைத்தானே சொன்னேன்’ என்பது நம்மில் பலருடைய வாதம். நடந்தது என்பதாலேயே அது நம்முடையதாகிவிடாது. கோயில் பணத்துக்குக் கணக்குக் காட்டாத தலைவரைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அது ஊர்ப் பணம். கூட்டுறவுச் சங்கத்தில் தன் உறவினர்க்கே கடன் ஒதுக்கியவரைக் கேளுங்கள். சம்பளத்தில் கைவைக்கும் குத்தகைக்காரரைப் பற்றித் தொழிற்சங்கத்தில் முறையிடுங்கள். இவை கிசுகிசு அல்ல. இவற்றைப் பேசாமல் இருப்பதுதான் தவறு. ஆனால் அதே தலைவரின் மகள் யாரோடு பேசிக்கொண்டு போனாள் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. வேடிக்கை என்னவென்றால், கணக்கைக் கேட்கப் பத்துப் பேர் வருவதில்லை. மகளைப் பற்றிப் பேச நூறு பேர் வருகிறார்கள்.

நடிகர்கள் விஷயத்தில் நாம் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. ‘புகழ் வேண்டுமென்று வந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளட்டும்’ என்பது அது. கடை வைத்திருப்பவர் கடையைத் திறந்து வைக்கிறார்; அதனால் படுக்கையறையையும் திறந்து வைத்தார் என்று பொருளா? 1997 ஆகஸ்ட் 31ஆம் நாள் பாரிஸ் நகரில் இளவரசி டயானா கார் விபத்தில் மாண்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜொகூரிலும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. குடித்திருந்த ஓட்டுநரின் பொறுப்பின்மையும், அவர் காரைத் துரத்திய வண்டிகளின் பொறுப்பின்மையும் சேர்ந்தே அந்தச் சாவுக்குக் காரணம் என்று 2008இல் லண்டன் ஜூரிகள் சொன்னார்கள். புகைப்படக்காரர்கள் ஏன் துரத்தினார்கள்? ஒரு படத்துக்குக் கிடைக்கும் விலைக்காக. அந்த விலையைக் கொடுத்தவர்கள் உலகமெங்கும் இருந்த வாசகர்கள்.

இவ்வளவும் பத்திரிகைக் காலத்துக் கதை. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் அச்சகம் இருக்கிறது. கைப்பேசியைச் சொல்கிறோம். லட்சுமிகாந்தனுக்குக் காகிதம் வேண்டியிருந்தது, அச்சு வேண்டியிருந்தது, உரிமம் வேண்டியிருந்தது. நமக்கு எதுவும் வேண்டாம். ஒரு விரல் போதும். பெரிய நட்சத்திரம், சாதாரண மனிதர் என்ற வேறுபாடும் குலைந்துவிட்டது. டிக்டாக்கில் நாலு காணொளி போட்ட பிள்ளையும் இன்று ஊரறிந்த முகந்தான். நட்சத்திரங்களுக்காவது வழக்கறிஞர் இருக்கிறார், வாயிற்காவலர் இருக்கிறார். இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்?

2024 ஜூலையில் ஈஷா என்ற பெயரில் சமூக ஊடகத்தில் அறியப்பட்டிருந்த ராஜேஸ்வரி என்ற இளம்பெண் கோலாலம்பூரில் உயிரிழந்தார். இணையத்தில் சிலர் அவரைத் தொடர்ந்து இழித்தும் மிரட்டியும் வந்தார்கள். போலீசில் புகார் கொடுத்த மறுநாள் அவர் இல்லை. இவ்விவகாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். நாடே கொதித்தது. அதன் பிறகு குற்றவியல் சட்டத்தில் இத்தகைய தொல்லைக்கென்றே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. ஒருவரை உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குத் தூண்டினால் 10 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பெண்ணை இழித்துப் பேசிய நேரலைகளை எத்தனை பேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. பார்த்தவர்கள் எழுந்து போயிருந்தால் பேசியவர்களுக்கு அந்தத் தெம்பு வந்திருக்குமா?

தாய்மார்களுக்கு இங்கே சில காரியங்களைச் சொல்லி வைக்கிறோம். பிள்ளை கையில் கைப்பேசி கொடுக்கும்போது, யாருடைய படத்தையாவது கேலிக்காகவோ வெறுப்பிலோ அனுப்பினால், முதலில் எடுத்தவர் மட்டுமல்ல, கைமாற்றி விட்டவரும் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுங்கள். 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் படமே அப்படிச் சுற்றத் தொடங்கிவிட்டால், ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். வந்த எண், நாள், நேரம், எழுதியிருந்த சொற்கள் எல்லாம் இருக்க வேண்டும். அவைதாம் சாட்சி. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் அவமானப் படமாக இருந்தால் அதை உதவிக்கென்றுகூட எவருக்கும் அனுப்பக் கூடாது. கைப்பேசியோடு போலீஸ் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திலும் புகார் செய்யலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பிள்ளையைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற கேள்வியை அன்றைக்கு ஒரு நாளாவது வாசலுக்கு வெளியே நிறுத்தி வையுங்கள்.

போலீஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தாய்க்குத் தயக்கமாக இருக்கும். மலாயில் எழுதிக் கொடுக்க வேண்டுமே என்ற அச்சமும் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா யாராவது துணைக்குப் போய் வரலாம். என்ன விஷயம் என்று வழியில் கேட்காமலே போய் வரலாம்.